மூன்று சாத்துக்குடி, எட்டுக் கட்டில்

ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்க்கப் போவதில் சாத்துக்குடியாரை அடித்துக்கொள்ள விழுப்புரம் மாவட்டத்திலேயே ஆள் கிடையாது. இத்தனைக்கும் அவரே ஆஸ்பத்திரியில் கிடந்தவர்.

திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. எட்டுக் கட்டில் போட்ட வார்டு. கூட்டேரிப்பட்டு அருகே பைக்கோடு விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்ட எனக்கு ஏழாவது கட்டில். மூன்றாவது கட்டிலில் அவர். சர்க்கரை நோய், ஆறாத கால் புண், நாலு மாதமாக அங்கேயே வாசம். பெயர் என்னவென்று நர்ஸின் நோட்டுக்குத்தான் தெரியும், எங்களுக்கு அவர் சாத்துக்குடியார்.

சாயங்காலம் நாலு மணி, பார்வையாளர் நேரம். மணி அடித்ததும் அவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வார்டுக்கு வெளியே போவார். ஒரு நிமிடம் கழித்து, தோளில் துண்டும் கையில் மஞ்சள் பையுமாக, அசல் விருந்தாளி போலத் திரும்பி வருவார்.

"பஸ்ஸே இல்ல தம்பி. கூட்டேரிப்பட்டுலருந்து நின்னுக்கினே வர்றேன்" என்று முகத்தைத் துடைத்துக்கொள்வார். நேற்று கேட்டதையே இன்றும் கேட்பார். "எப்பிடி வுழுந்த? யாரு தூக்கினாங்க?" நாமும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஆட்டுக்கால் சூப்பு குடிக்கச் சொல்லிவிட்டு, பையிலிருந்து மூன்று சாத்துக்குடியை எடுத்துத் தலைமாட்டில் வைப்பார். எழுந்திருக்கும்போது, "வச்சிக்கினா அழுவிப்பூடும்" என்று அவற்றைத் திரும்பப் பொறுக்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்.

வார்டு ஆயாவிடம் சொல்லி அவரே வாங்கி வைத்த பழங்கள் அவை. வாரக் கடைசியில் அவர் நீங்கலாக எல்லோருமாகப் பங்கு போட்டுத் தின்போம், திங்கட்கிழமை புதுசு வரும். ஒரு தடவை ஆறாம் கட்டிலுக்கு வந்த புது ஆள், விவரம் தெரியாமல் ஒன்றை உரித்துத் தின்றுவிட்டார். மிச்சம் ரெண்டு. "ரெண்டே ரெண்டு பழத்த எடுத்துக்கினு எந்த மூஞ்சிய வச்சிக்கினு நாலு பேர பாக்கப் போறது?" என்று சாத்துக்குடியார் ரெண்டு நாள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. வார்டு இழவு விழுந்த வீடு மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் நர்ஸே ஒரு பழம் வாங்கி வந்து பையில் போட்டார்.

எனக்கு இதெல்லாம் முதலில் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. என் கையில்தான் போன் இருக்கிறதே. ஃபேஸ்புக் எங்கள் பக்கம் பரவியிருந்த புதிது. கட்டுப் போட்ட காலைப் படம் எடுத்துப் போட்டேன். லைக் கொட்டியது. 'சீக்கிரம் குணமாகுங்கள்' என்று ஆபீஸே வரிசையில் நின்று எழுதியது. ஒரு வாரம் ராஜா மாதிரி இருந்தேன்.

ஆனால் ஒருவரும் வரவில்லை. காலையில் சாப்பாட்டோடு வந்துவிட்டுப் போகும் மனைவியை விருந்தாளிக் கணக்கில் சேர்க்க முடியாது. நாள் முழுக்கப் போனையே பார்த்துக்கிடந்தேன். அதே போனில் என் பக்கத்து மேஜைக்காரர் குடும்பத்தோடு மலையில் நின்று சிரித்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கமும் போயிற்று. நடக்கப் பழகச் சொன்னால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். "இப்ப நடக்கலன்னா முட்டி மடங்காது, ஆயுசுக்கும் நொண்டிக்கினுதான் போவணும்" என்று நர்ஸ் திட்டினார். நொண்டினால் யாருக்கு என்ன என்று இருந்தது.

அன்று சாயங்காலம் சாத்துக்குடியார் வந்தபோது நான் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அப்பிடி என்னாத்த பாக்கற?"

காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இந்தக் கட்டவெரலு யாருது?"

"எங்க ஆபீஸருதுங்க."

"எந்த ஊரு?"

"விழுப்புரம்தான்."

"வந்தாரா?"

"இல்லீங்க."

"இது?"

"சித்தப்பா பையன். அவனும் விழுப்புரம்தான்."

"வந்தானா?"

இப்படி ஒவ்வொரு விரலாகக் கேட்டுக்கொண்டே போனார் மனுஷன். பதினைந்தாவது விரலில் நான் போனை அவர் கையிலேயே விட்டுவிட்டேன். அவர் போனை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார்.

"அவங்க மேல தப்பு இல்ல தம்பி. கட்டு மொதக்கொண்டு நீயே காட்டிப்புட்ட. பாத்தாச்சுன்னு வுட்டுட்டாங்க." பழங்களைப் பொறுக்கிக்கொண்டவர், வாக்கரோடு நின்றார். "அது கெடக்கட்டும். நான் தெனம் ஒன்ன பாக்க வர்றேனே, நீ என்னைக்காச்சும் என்ன வந்து பாத்தியா? வந்தவன் வூட்டுக்குத் திரும்பப் போவணும்னு ஒரு மொறை இல்லியா?"

நாலு கட்டில் தள்ளித்தான் அவர் வீடு. மறுநாள் நாலு மணிக்குப் போனைத் தலையணைக்கடியில் தள்ளிவிட்டு வாக்கரைக் கேட்டேன். நர்ஸ் பிடித்துக்கொள்ள, பல்லைக் கடித்துக்கொண்டு அடி அடியாக நடந்தேன். மூன்றாம் கட்டிலை அடைந்தபோது சட்டை நனைந்திருந்தது.

சாத்துக்குடியார் கழுத்துவரை போர்த்திக்கொண்டு சாகக் கிடப்பவர் மாதிரி முனகினார். "யாரு... தம்பியா... ஒனக்கு எதுக்குய்யா இந்த பேஜாரு?"

"பஸ்ஸே இல்லீங்க. நின்னுக்கினே வந்தேன்."

"வெறுங்கையோடயா வந்த?" ஒரு கண்ணைத் திறந்து கட்டிலுக்கடியில் கையை விட்டார். மஞ்சள் பை வந்தது. "இந்தா, இத குடு."

கொடுத்தேன். வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். கிளம்பும்போது முறைப்படி நான் எடுத்து அவரிடமே கொடுத்தேன். அன்று ராத்திரி ரெண்டு தட்டு சோறு தின்றேன். தினமும் அவரைப் பார்க்கப் போய்ப் போயே என் முட்டி மடங்கிற்று.

நான் இருந்தவரை அவரைப் பார்க்க யாரும் வந்து நான் பார்க்கவில்லை. "அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போற கூட்டத்துல பாதி நம்ம சொந்தம்தான். வழியில எறங்குவாங்க" என்பார். ரெண்டு அமாவாசை போயிற்று. யாரும் இறங்கவில்லை.

வீடு திரும்பி ஒரு மாதம் கழித்து விழுப்புரத்தில் பஸ் ஏறினேன். நிஜமாகவே இடம் இல்லை, திண்டிவனம் வரை நின்றுகொண்டே போனேன். சரியாக நாலு மணிக்கு மூன்றாம் கட்டிலுக்கு முன்னால் போய் நின்றேன். அவர் முதலில் என் காலைப் பார்த்தார். பிறகு என் கையில் இருந்த மஞ்சள் பையை. மூன்று சாத்துக்குடியோடு அதை அவர் தலைமாட்டில் வைத்தேன்.

புண் எப்படி வந்தது, யார் கொண்டுவந்து சேர்த்தார்கள் என்று அத்தனை மாதக் கதையையும் நான் கேட்டேன், அவர் முதலிலிருந்து சொன்னார். எழுந்தபோது பழக்க தோஷத்தில், "வச்சிக்கினா அழுவிப்பூடும்" என்று பழங்களை எடுக்கப் போனேன்.

அவர் இரண்டு கையாலும் பையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். சர்க்கரைக்காரர், ஒரு சுளை தின்ன முடியாது.

"வுடு தம்பி. இது எனக்கு வந்தது."

அந்த ஒரு குரலுக்காக, இன்னொரு காலையும் உடைத்துக்கொண்டு நாலாம் கட்டிலில் போய்ப் படுத்துவிடலாம் போலிருந்தது எனக்கு.