நானே நடந்து வந்த காட்டிலிருந்து என்னை மீட்டார்கள்

"காட்டுக்குப் போறாளாம் காட்டுக்கு! ராத்திரியில கொல்லப்பக்கம் போவணும்னாகூட தொணைக்கு ஆள் தேடறவ இவ."

சொன்னவர் என் பெரியப்பா. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தையும் அவர்தான் ஓட்டுகிறார். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், யாருக்குப் பெண் பார்க்கப் போனாலும், எல்லோரும் அந்த வேனில் ஏறிவிட வேண்டும். நான் கல்லூரியில் சேரப் போனபோதுகூட வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். வாட்ச்மேன் ஏதோ தகராறு என்று நினைத்து கேட்டைச் சாத்தினார்.

எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். தாண்டிய வேகத்தில் பி.இ. வரை ஓடிவிட்டேன். (அந்தத் திமிர் எனக்கு உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.) வேலை கிடைத்த இரண்டாம் வருடம், பதவி உயர்வோடு புனே கிளைக்குப் போகிறாயா என்று கேட்டார்கள். அப்பாவிடம் சொன்னேன். தண்ணீர் கேன் போடுகிறவர். யோசனை வந்தால் கையில் இருக்கும் கேன் மூடியைத் திருகிக்கொண்டே இருப்பார்.

"பூனாவா? நீ ஒரு நாளும் தனியா எங்கயும் தங்குனதில்லையேம்மா."

அதே வாரம் எங்கள் டீமில் மழைக்காட்டுக்கு மூன்று நாள் டிரெக்கிங் போக ஏற்பாடு நடந்தது. கர்நாடகத்தில், மழை ஓயாத ஒரு மலை. அதை நான் பிடித்துக்கொண்டேன்.

"மூணு நாள் காட்டுல இருந்துட்டு நல்லபடியா வந்துட்டா, பூனாவுக்கு அனுப்புவியாப்பா?"

கேன் மூடி ரொம்ப நேரம் சுழன்றது. "நல்லபடியா வா. அனுப்பறேன்."

பெரியப்பா மேற்படி வாக்கியத்தைச் சொன்னது அப்போதுதான்.

அம்மா மூட்டை கட்டினாள். முறுக்கு, இட்லிப் பொடி, எண்ணெய் பாட்டில், போர்வை, எவர்சில்வர் தூக்கு, எலுமிச்சம்பழம். ("பழம் எதுக்கும்மா?" "காத்து கருப்பு அண்டாம இருக்கும்டி, வெச்சிக்க.") மற்றவர்களுடைய பைகள் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தன. என் பையின்மீது நான் ஒட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் டீமில் வேலை பார்க்கும், காட்டுப்பாக்கத்தில் ஃபிளாட்டில் இருக்கும் நிவேதா, "என்ன கௌசி, குடும்பத்தோட குடி போறியா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

காட்டின் வாசலில் வனத்துறை செக்போஸ்ட். பக்கத்தில் யானைப் படம் போட்ட எச்சரிக்கைப் பலகை. அதன் முன்னால் இடுப்பில் கை வைத்து ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: காட்டுக்குள் போகிறேன், திரும்பி வராவிட்டால் என்னைத் தேட வேண்டாம். தமிழில் எழுதினால் கெத்தாக இருக்காது என்று ஒரு நினைப்பு. போட்டுவிட்டு உள்ளே நடந்தேன். சிறிது தூரத்தில் சிக்னல் போய்விட்டது.

மழைக்காட்டைப் பற்றி நான் கற்பனை செய்திருந்தது அருவியும் பறவையும். அங்கே இருந்தது அட்டை. கால் விரலிடுக்கில் அட்டை, முழங்காலுக்குப் பின்னால் அட்டை, சாப்பிடத் திறந்த தூக்கின் மூடியில் அட்டை. முதல் அட்டையைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் வழிகாட்டி, பாம்பு கடித்துவிட்டது என்று நினைத்துக் கத்தியோடு ஓடி வந்தார். முதல் நாள் வழுக்கி விழுந்த இடங்களில் எல்லாம் கொடி நட்டிருந்தால் அந்த மலை கட்சி மாநாடு மாதிரி இருந்திருக்கும். கூடாரத்துக்குள் போர்வையைக் கடித்துக்கொண்டு அழுதேன். ஆனால் திரும்பிப் போகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. சொன்னால் புனே போய்விடும்.

இரண்டாம் நாள் ஓர் ஓடையைக் கடக்கும்போது நிவேதாவின் கணுக்கால் பிசகியது. அவளுடைய பையையும் நானே வாங்கி மார்பில் மாட்டிக்கொண்டேன். முன்னால் ஒரு பை, பின்னால் ஒரு பை, மழையில் ஏற்றம். மேலே போய் நின்றபோது மேகம் விலகி, கண்ணுக்கு எட்டிய வரை மரங்களின் தலை தெரிந்தது. எங்கள் வீட்டில் யாரும் இதைப் பார்த்ததில்லை என்று தோன்றியது. மூன்றாம் நாள் இறங்கும்போது அட்டையை இரண்டு விரலால் பிடுங்கி எறிந்துகொண்டே நடந்தேன். அட்டைமேல் போட உப்பு கேட்கவில்லை, பிடித்துக்கொள்ள யார் கையையும் கேட்கவில்லை. அப்பா முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை வேறு.

கடைசி வளைவு திரும்பியதும் செக்போஸ்ட் தெரிந்தது. அதை ஒட்டி ஒரு வேன் நின்றது. முன்கண்ணாடியில் 'கம்பெனி ஸ்டாஃப்' என்ற ஸ்டிக்கர்.

நடந்தது இதுதான். ஸ்டேட்டஸை எங்கள் அத்தை பார்த்திருக்கிறார். யானை புரிந்தது, எழுத்து புரியவில்லை. போனை எடுத்துக்கொண்டு பூந்தமல்லியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரரிடம் போயிருக்கிறார். அவர் படித்துச் சொன்ன தமிழில் ஒரு பிழையும் இல்லை. பலகையில் இருந்த இடத்தின் பெயரையும் அவரே படித்துச் சொல்லியிருக்கிறார். எனக்குப் போன் போட்டால் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் எது நடக்குமோ அது நடந்தது. எங்கள் வீட்டு வாசலில் நின்றால் தெரியும் அந்தப் பெங்களூர் ரோட்டில் வேன் கிளம்பிவிட்டது.

பெரியப்பா கன்னடம் மட்டுமே தெரிந்த காவலரிடம் கத்திக்கொண்டிருந்தார். "யோவ், எங்க ஊட்டுப் பொண்ணு உள்ள கீது. நீ கேட்டைத் தொறக்கிறியா, இல்ல நான் வண்டிய உட்டு ஏத்தவா?"

அம்மா முதலில் என்னை அடித்தாள், பிறகு கட்டிக்கொண்டாள், கழுத்தில் இருந்த அட்டையைப் பார்த்துவிட்டு மயங்கி உட்கார்ந்தாள். அத்தை என் டீம் லீடரையும் வரிசையில் நிற்க வைத்து எல்லோருக்குமாகத் திருஷ்டி சுற்றினார். டீம் லீடர் பெரிய படிப்பு படித்தவர். "இங்க பார்த்து துப்புப்பா" என்றதும் துப்பினார். நிவேதா மட்டும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் பை இன்னும் என் மார்பில்தான் இருந்தது.

அப்பா வேன் ஓரம் நின்றிருந்தார்.

"அப்பா, நல்லபடியா வந்துட்டேன். நானேதான் நடந்து வந்தேன்."

"வந்தே. நாங்க வந்ததால வந்தே."

"நீங்க கேட்டுக்கு வெளியதானப்பா நின்னுகினு இருந்தீங்க?"

"போதும் கௌசி. உங்கம்மா ரெண்டு நாளா பச்சத்தண்ணி குடிக்கல. பூனாலாம் வாணாம்."

பெரியப்பா வேனைக் கிளப்பினார். "ஏறும்மா. பெரியப்பா கீறேன் இல்ல, இன்னாத்துக்கு பயப்படற?"

நான் பயப்படவில்லை என்று யாரிடம் சொல்வது? சொல்லிப் பார்த்தேன். "பாவம், பயத்துல பேத்துது" என்று அத்தை என் தலையில் எண்ணெய் வைத்தார்.

புனே நிவேதாவுக்குப் போனது. கணுக்கால் சரியாகிவிட்டதாம்.

கதை மட்டும் எங்களிடமே தங்கியது. காதுகுத்து, கல்யாணம், எதுவானாலும் பந்தியில் அது உண்டு. முதல் வருடம் பெரியப்பா கேட் வரை வந்தார். அடுத்த வருடம் கேட்டைத் தாண்டினார். இப்போது மரத்தில் மாட்டிக்கொண்டிருந்த என்னை இறக்கிவிட்டதாகப் பேச்சு. கீழே யானை ஒன்று நின்றிருக்கிறது. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா, காபி டம்ளரை வாங்கும்போதே கேட்டார்: "பயம்லாம் தெளிஞ்சிடுச்சாம்மா?" எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். எனக்கு வலித்தது அந்தச் சிரிப்புதான்.

இந்த வருடம் மறுபடியும் ஒரு மாற்றல் வந்தது. இந்த முறை கவுகாத்தி. நான் சம்மதம் என்று பதில் அனுப்பினேன், டிக்கெட் எடுத்தேன், அதன் பிறகு அப்பாவுக்குச் சோறு போட்டுவிட்டுச் சொன்னேன். அவர் சோறு பிசைவதை நிறுத்தினார்.

"கேக்கறியா, சொல்றியா?"

"சொல்றேன்பா."

இங்கே வந்து ஒரு மாதம் ஆகிறது. அம்மா தினமும் பேசுகிறாள். அப்பா இன்னும் பேசவில்லை. நேற்றுதான் ஒரு வருடத்துக்கு வாடகை ஒப்பந்தம் போட்டேன்.