பூதப்படைக்குப் பொட்டு வைத்த நாள்

பிள்ளைகளே, பெரியவர்கள் எதையும் யோசித்துத்தான் செய்வார்கள் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருந்தால், அந்த நம்பிக்கையை இன்றோடு விட்டுவிடுங்கள். பாதி நேரம் எங்கள் கை செய்துவிடும். புத்தி பின்னாலேயே மூச்சு வாங்க ஓடிவரும். என் புத்தி ஓடிக்கூட வராது. பஸ் பிடித்து வரும்.

செஞ்சியில் பைக் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறேன். எட்டாவதோடு படிப்பு முடிந்தது. (பள்ளிக்கூடத்துக்கும் அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.) என் மகள் அரசி அப்போது ஒன்பதாவது. அவள் சேர்ந்திருந்தது ஒரு குட்டிப் படை கிளப். கட்டைவிரல் உயரத்துக்குப் பூதம், ராட்சசன், எலும்புக்கூடு என்று பொம்மைகள். அதற்கெல்லாம் நாமே பெயின்ட் அடிக்க வேண்டும். மேசை மேல் மலையும் கோட்டையும் காடும் நாமே செய்து வைக்க வேண்டும். அப்புறம் டேப் வைத்து அளந்து படையை நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போட வேண்டும். மகளைக் கொண்டுபோய் விடப் போனவன், ஒரு ஓரமாக உட்கார்ந்து, கடைசியில் நானும் மெம்பர் ஆகிவிட்டேன்.

மலை செய்வது என் பொறுப்பு. டி.வி. பெட்டிக்குள் வருகிற தெர்மாகோலை ஆக்சா பிளேடால் அறுத்து, மைதா பசையில் பேப்பர் ஒட்டி, அதன்மேல் எம்-சாண்ட் தூவி, சாம்பல் கலர் அடித்தால் பாறை ரெடி. மாடல் தேடி எங்கேயும் போகவில்லை. ஷெட் வாசலில் நின்று தலையைத் தூக்கினால் ராஜகிரிக் கோட்டை மலை. யாரோ பாறைகளை லோடு லோடாகக் கொட்டிவிட்டு அடுக்க மறந்துபோன மாதிரி நிற்கும். அதையே அப்படியே செய்தேன்.

"இன்னா நைனா, இவ்ளோ செங்குத்தா செஞ்சி வெச்சிருக்க? மேல பொம்ம நிக்காது" என்றாள் அரசி.

"நம்ம மலைல மனுசனே நிக்க முடியல. பொம்ம மட்டும் எப்படி நிக்கும்?"

அந்த வருஷம் விஜயதசமி அன்றைக்கு புதுச்சேரி கிளப்போடு எங்களுக்குப் போட்டி. ஜெயிக்கிற ஊரில்தான் அடுத்த வருஷம் பெரிய கூட்டம் நடக்கும். எல்லா ஊர்க் கிளப்பும் வருகிற கூட்டம். எப்போதும் புதுச்சேரியில்தான் நடக்கும். "செஞ்சில எல்லாம் யாருங்க இத ஆடப்போறாங்க?" என்று அவர்களில் ஒருவர் போனில் சொன்னதை அரசி கேட்டுவிட்டாள். அன்றைக்கே பிரஷ்ஷைக் கையில் எடுத்தவள்தான். காலாண்டு லீவு முழுக்க அவள் எங்கேயும் போகவில்லை. பூதத்தின் பல்லுக்குக்கூட தனித்தனியாக வெள்ளை வைத்தாள். படைத்தலைவன் பூதராஜனுக்குப் புருவம் வரைய ஒரு முழு மத்தியானம் ஆயிற்று.

ஆயுத பூஜை அன்று கடைசியாக வார்னிஷ் அடித்தாள். வீட்டில் என் பெண்சாதி செல்வி ஒட்டடை அடித்துக்கொண்டிருந்ததால், கழுவி விட்டிருந்த என் ஷெட்டில் பெஞ்சு மேல் வரிசையாக நிறுத்திவிட்டுப் போனாள்.

"நைனா, தொடாத. வார்னிஷ் காயணும்."

"நான் ஏன்மா தொடப்போறேன்?" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

சாயங்காலம் பூஜை. இடது கையில் சந்தனக் கிண்ணம், பக்கத்தில் குங்குமத் தட்டு. ஸ்பேனருக்கு வைத்தேன், ஜாக்கிக்கு வைத்தேன், கம்ப்ரசருக்கு வைத்தேன். ரிப்பேருக்கு நின்ற வண்டிகளுக்கு, ஸ்டூலுக்கு, சுவிட்ச் போர்டுக்கு, காலண்டருக்கு. வாசலில் படுத்திருந்த நாய் என்னைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டது. (அதற்குப் புத்தி கூடவே இருந்தது.) கை ஒரு வேகம் பிடித்துவிட்டால் நிற்காது பிள்ளைகளே. அப்படியே பெஞ்சுக்கு வந்தேன். ஒவ்வொன்றும் கையில் கத்தி, கோடாலி, ஈட்டி என்று பிடித்துக்கொண்டு நின்றது. ஆயுத பூஜைக்கு வேறென்ன தகுதி வேண்டும்? சந்தனம், குங்குமம். சந்தனம், குங்குமம். ஒரு எலும்புக்கூட்டைக்கூட விடவில்லை.

கற்பூரம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்ட பிறகுதான், பஸ் பிடித்து வந்த என் புத்தி ஸ்டாப்பிங்கில் இறங்கியது.

சரி, துடைத்துவிடலாம் என்று பார்த்தால், பொட்டு ஈர வார்னிஷில் ஊறி அதோடு சேர்ந்து இறுகிக்கொண்டிருந்தது. மெக்கானிக்குக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். பூதராஜனைக் கையில் எடுத்து, பனியன் வேஸ்ட் துணியைப் பெட்ரோலில் நனைத்து ஒரு துடை துடைத்தேன். முகம் வந்துவிட்டது. புருவம், கண், மீசை எல்லாம் துணியில். பொட்டு மட்டும் அசையாமல் நெற்றியில். பதறிப்போய், காலியான இடத்தை மறைக்க இன்னும் பெரிதாக ஒரு பொட்டு வைத்தேன். அதோடு நிறுத்தினேனே, அதற்கு என்னைப் பாராட்ட வேண்டும்.

செல்வி வந்து பார்த்தாள். பெஞ்சை ஒரு தடவை, என்னை ஒரு தடவை.

"ஏன்யா, எல்லாத்துக்கும் பொட்டு வெச்சிட்டியே, எதுக்காச்சும் தாலியும் கட்டிட்டியா?"

அரசி பெஞ்சுக்கு வந்தாள். பூதராஜனை எடுத்தாள். அவள் கண் நிறைந்தது. ஈரத் துணியால் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. நான், "அம்மாடி..." என்று ஆரம்பித்தேன்.

"பேசாத நைனா."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் சாப்பிட்டிருப்பேன். அன்றைக்குச் சுண்டல்கூட இறங்கவில்லை.

மறுநாள் காலை, பஜாரில் ஒரு மாடி ஹாலில் போட்டி. நடு மேசையில் என் மலை. நேரம் முடிந்து மணி அடிக்கும்போது மலை உச்சியில் யார் படை நிற்கிறதோ அவர்களுக்கே ஜெயம். புதுச்சேரி பக்கம் சந்துரு என்று ஒரு பையன், காலேஜ் முடித்து வேலைக்குப் போகிறவன். அவனுடையது ராட்சசப் படை. ஒவ்வொன்றும் எங்கள் பூதத்தைப்போல் இரண்டு பங்கு. ஆட்டத்துக்கு நடுவர் லதா டீச்சர்.

அரசி டப்பாவைத் திறந்து படையை வரிசையாக வைத்தாள். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அப்புறம் சிரிப்பு.

"இன்னா பாப்பா, கொலு முடிஞ்சிடுச்சே, இன்னும் எடுத்து வைக்கலியா?" என்றான் சந்துரு.

நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். (தூண் ஒல்லி. நான் அப்படி இல்லை.) அரசி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எல்லாம் இவராலதான்" என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். சொன்னாலும் நியாயம்தான்.

அவள் நிமிர்ந்து நின்று சொன்னாள்: "எங்க நைனா பூஜ போட்டு அனுப்பன படை. செஞ்சிப் படைன்னா இப்படித்தான் வரும். ஆரம்பிக்கலாமா ணா?"

நான் தூணுக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் நீட்டினேன்.

ஆட்டம் ஆரம்பித்தது. சந்துரு நல்ல ஆட்டக்காரன். இரண்டாவது உருட்டலிலேயே எங்கள் பூதங்கள் மூன்றை அடித்துவிட்டான். அடித்த பொம்மையை அடித்தவரே எடுத்து, மேசைக்குக் கீழே இருக்கிற அட்டைப்பெட்டியில் போட வேண்டும். எங்கள் கிளப் வழக்கம் அது. சந்துரு ஒரு பூதத்தை எடுத்தான். நெற்றியைப் பார்த்தான். குனிந்து அட்டைப்பெட்டியைப் பார்த்தான். பெட்டியைச் சுற்றி எல்லோருடைய செருப்பும் கிடந்தது.

கை அப்படியே நின்றது.

"டீச்சர்... ஒரு தட்டு கெடைக்குமா?"

"எதுக்குப்பா?"

"பொட்டு வெச்சிருக்குது. செருப்புகிட்ட எப்படிங்க போட்றது?"

எவர்சில்வர் தட்டு வந்தது. அவன் ஒவ்வொரு பூதத்தையும் இரண்டு கையாலும் எடுத்து, கண்ணில் ஒற்றி, தட்டில் நிற்க வைத்தான். படுக்க வைக்கவில்லை, நிற்க வைத்தான்! ஆட்ட நேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

அரசி நியாயமானவள். "அண்ணா, அது பொம்மதான் ணா. நான் வேணா எடுத்துப் போட்றேன்."

"வேணாம் பாப்பா. என் கையால போனது, நானே எடுக்கறேன். தள்ளிவிட்டா ராத்திரி தூக்கம் வராது."

(இவன்தான் அரை மணிக்கு முன்னால் சிரித்தவன்.)

அந்த இடைவெளியில் அரசி தூங்கிக்கொண்டிருக்கவில்லை. அவன் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தபோது அவள் மலையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த முறை தன் எலும்புக்கூடுகளைப் பின்பக்கப் பாறை இடுக்கு வழியாக ஏற்றினாள். அந்த இடுக்கு நான் அளவு தப்பி அறுத்ததால் வந்தது. ராட்சசன் உடம்பு அதில் நுழையாது. கொஞ்ச நேரத்தில் உச்சியில் முகமில்லாத பூதராஜன், நெற்றி நிறையப் பொட்டோடு.

ஆனால் படை கரைந்துகொண்டே வந்தது. எலும்புக்கூடுகள் எல்லாம் தட்டுக்குப் போய்விட்டன. கடைசியில் உச்சியில் ராஜன் ஒருவன்தான். கீழே சந்துருவின் பெரிய ராட்சசன். ஒரு நகர்த்தல், ஒரு உருட்டல், முடிந்தது கதை. அரசி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

சந்துரு ராட்சசனைத் தூக்கி உச்சிக்குக் கொண்டுபோனான். இடம் செங்குத்து. வைக்கிறான், சறுக்குகிறது. மறுபடி வைக்கிறான், சறுக்குகிறது. மூன்றாம் முறை ராட்சசன் கையிலிருந்த கதாயுதம் ராஜன் மேல் இடித்தது. ராஜன் குப்புற விழுந்து மலையிலிருந்து உருண்டான்.

"ஐயையோ!" என்றான் சந்துரு. ராட்சசனை அப்படியே கீழே போட்டான். ராஜனை எடுத்துத் துடைத்தான், கண்ணில் ஒற்றினான், டப் டப்பென்று கன்னத்தில் போட்டுக்கொண்டான். பிறகு பயபக்தியோடு, தன் கையாலேயே, ராஜனை மலை உச்சியில் நேராக நிற்க வைத்தான்.

மணி அடித்தது.

லதா டீச்சர் குனிந்து பார்த்தார். "உச்சியில நிக்கறது செஞ்சிப் படை."

ஹாலில் கூரை பறக்கிற சத்தம். எங்கள் கிளப்பில் சேர்ந்திருந்த, பக்கத்து ஊரான தொண்டூர்ப் பிள்ளைகள் அரசியைத் தூக்கிக்கொண்டார்கள். அவள் மேலிருந்தே தேடி, தூணுக்குப் பின்னால் இருந்த என்னைப் பார்த்து, "நைனா! வெளிய வா!" என்று கத்தினாள். முந்தின நாள் "பேசாத" என்று சொன்ன அதே வாய். சந்துருவே வந்து என் கையைக் குலுக்கினான். "அண்ணே, உங்க ஐடியா சூப்பர்ணே" என்றான். ஐடியாவாம்! நானும் பெரிய மனுசன் மாதிரித் தலையாட்டி வைத்தேன்.

அடுத்த வருஷம் பெரிய கூட்டம் செஞ்சியில்தான் நடந்தது. ஊர் ஊராகப் பஸ்ஸில் டப்பாவோடு வந்து இறங்கினார்கள். சந்துரு ஒரு நாள் முன்னாலேயே, ஆயுத பூஜை அன்று சாயங்காலம், நேராக ஷெட்டுக்கே வந்துவிட்டான்.

"அண்ணே, என் ராட்சசங்களுக்கும் வெச்சி விடுங்கண்ணே. வார்னிஷ் ஈரமாத்தான் இருக்குது."

எனக்கு வந்த சந்தோஷத்தில் கிண்ணத்தை எடுக்கத் தாவினேன். எனக்கு முன்னால் இரண்டு கை அதைப் பிடித்துவிட்டது. ஒன்று செல்வி, இன்னொன்று அரசி.

"தம்பி, பொட்டு நாங்க வெக்கிறோம்" என்றாள் செல்வி. "இவருக்கு மணி அடிக்கற வேலதான். மணி அடிச்சா எதுக்கும் முகம் போகாது."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் சட்டம். சொந்தக்காரர்கள் வந்தால், "நைனாவுக்கு மணிய குடுத்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள். எனக்கு வருத்தம் இல்லை பிள்ளைகளே. நான் அடிக்கிற அடி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும்.