மாமாவின் தோள்பட்டையும் ஒரு நீண்ட மூலக்கூறும்

ஆக்ரன், ஒஹாயோ
ஜூன் 5, 1961

அன்பும் மரியாதையும் நிறைந்த ஐரீனா அத்தைக்கு,

மார்கிதா எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், கூண்டுப் பறவை எல்லோரும் நலம். லுட்மிலா அக்காவும் அவள் கணவரும் நயாகராவில் நலமாக இருப்பதாகவும், அருவி சத்தமாக இருப்பதாகவும் அட்டை போட்டிருக்கிறாள். உங்கள் கணுக்கால் மாவுக்கட்டை எப்போது பிரிக்கப் போகிறார்கள்? உள்ளே அரித்தால் பின்னல் ஊசியை விட்டுச் சொறியக் கூடாது என்று நூலகப் புத்தகம் ஒன்றில் படித்தேன். ஏற்கெனவே சொறிந்திருந்தால் பரவாயில்லை, இனிமேல் வேண்டாம்.

நீங்கள் அக்காவின் கல்யாணத்துக்கு வர முடியாமல் போனது எங்கள் எல்லோருக்கும் வருத்தம். உங்களுக்குப் பதிலாக வந்த ஸ்தெபான் மாமா யங்ஸ்டவுனுக்குத் திரும்பி என்ன சொன்னார் என்று தெரியவில்லை. கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீடு திரும்பிய மனிதர் என்னைப் பற்றி நல்லதாகச் சொல்லியிருக்க மாட்டார். ஆகவே நடந்ததை அறிவியல் முறைப்படி, ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். கடைசியில் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

எல்லாம் அப்பாவின் கையெழுத்தில்தான் தொடங்கியது. பல்கலைக்கழகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடை வகுப்பு நடத்துகிறார்கள், பாலிமர்கள் என்னும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளைப் பற்றி. எங்கள் வகுப்பில் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அப்பா சம்மதம் எழுதித் தர வேண்டும். அப்பாவோ, "முப்பது வருஷமா ரப்பர் கலக்கறேன், ஒரு மூலக்கூறு கூட எதிர்ல வந்து குட்மார்னிங் சொன்னதில்ல. கண்ணுக்கே தெரியாத ஒண்ணுக்கு எதுக்குடி வகுப்பு? தட்டச்சு கத்துக்கோ" என்று சொல்லிவிட்டார். நான் மூன்று புத்தகங்களிலிருந்து படித்துக் காட்டினேன். பியூட்டடையீன் என்பது வெறும் வாயு, கையில் பிடிபடாது, அதன் குட்டி மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்தால்தான் லாரியைத் தாங்கும் டயர் ஆகிறது என்றேன். அப்பா பேப்பரைத் திருப்பி விளையாட்டுப் பக்கத்துக்குப் போய்விட்டார். அப்போதுதான் தீர்மானித்தேன், மூலக்கூறை அப்பாவின் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிடுவது என்று.

நம் கல்யாணங்களில் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லோரும் கைகோத்து மண்டபத்தைச் சுற்றி வரும் அணிவகுப்பு உண்டல்லவா? அதையே கொஞ்சம் திருத்தினேன். விதி மிகவும் எளிது. ஒவ்வொருவரும் தன் இரண்டு கைகளையும் தானே கோத்துக்கொண்டு நிற்க வேண்டும். அதுதான் தனி மூலக்கூறு, யாரோடும் ஒட்டாது, தன்பாட்டுக்கு நிற்கும். தொடக்கி என்று ஒருவர் உண்டு, அவருக்கு ஒரு கை வெறுங்கை, அந்த வெறுமையை அவரால் தாங்கவே முடியாது. அவர் பக்கத்திலிருப்பவரின் கையைப் பிடித்து இழுப்பார். இழுபட்டவரின் பிடி அவிழ்ந்து, அவருடைய இன்னொரு கை இப்போது வெறுங்கை. அவர் அடுத்தவரைப் பிடிப்பார். இப்படியே போகும். இரண்டு வெறுங்கைகள் ஒன்றையொன்று பிடித்தால்தான் சங்கிலி நிற்கும். சீக்கிரம் முடியட்டும் என்று இரண்டு தொடக்கிகள் வைத்தேன். மேடைப் பக்கம் நான், ஒரு கையில் புத்தகம். சமையலறைப் பக்கம் லுட்மிலா அக்கா, ஒரு கையில் பூச்செண்டு. அக்கார்டியன் வாசிக்கும் திரு. ஜூரிக்கிடம் சங்கிலி முடிகிறவரை நிறுத்தக் கூடாது என்றேன். அவர் சொன்ன சொல் மாறாதவர். கோவாலிக் பாதிரியார் எல்லோருக்கும் விதியை அறிவித்துவிட்டு, சிரிப்பதற்காக, "நடுவுல யாராவது கையை விட்டா கல்யாணம் நிலைக்காது" என்று சேர்த்துச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. முன் வரிசைப் பெண்கள் எல்லோரும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்கள். அத்தை, இந்த ஒரு வாக்கியம் என்னுடையது அல்ல என்பதை மாமாவிடம் தயவுசெய்து சொல்லுங்கள்.

தொடக்கம் அழகாக இருந்தது. புத்தகத்தில் உள்ளபடியே சங்கிலி முதலில் மெதுவாக வளர்ந்து, பிறகு யாராலும் பிடிக்க முடியாமல் ஓடியது. என்ன, புத்தகத்தில் தூண்கள் கிடையாது. என் சங்கிலி முதல் தூணை ஒரு சுற்றும் இரண்டாவதை இரண்டு சுற்றும் சுற்றியதில் குக்கீஸ் அடுக்கியிருந்த மேசை சரிந்தது. நீங்கள் அனுப்பிய வால்நட் ரோல் உட்பட எல்லாம் தரையில். தூக்கி வைக்க யாருக்கும் கை இல்லை. எல்லோருக்கும் கை இருந்தது, ஆனால் எல்லாம் அடுத்தவரிடம் இருந்தது. அக்காவின் சங்கிலி சமையலறைக்குள் புகுந்து, முட்டைக்கோஸ் உருண்டை பரிமாறிக்கொண்டிருந்த அம்மாவைப் பிடித்து, பின்வாசல் வழியே போய், பீர் பீப்பாய்க்குக் காவல் நின்ற அப்பாவின் இடது கையில் முடிந்து, அடுத்த கையைத் தேடி அவரை முன்பக்க நடைபாதைக்குக் கொண்டுவந்து விட்டது. என் சங்கிலி முன்வாசல் வழியே தெருவுக்கு வந்து, பேருந்துக்குக் காத்திருந்த இரண்டு பெண்களையும் சேர்த்துக்கொண்டது. (அவர்கள் பிறகு இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள், மிகவும் நல்லவர்கள்.) அதன் நுனியில் இருந்தவர் கோவாலிக் பாதிரியார். அவருக்கு முன்னால் மிச்சம் இருந்தது ஒரே ஒரு மூலக்கூறு.

மாமா மண்டபத்துக்குள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்தானே? போன வருஷத்துக்கு முந்தைய கிறிஸ்துமஸில், அப்பா வேலை செய்யும் டயர் ஆலைக்குப் போட்டி ஆலையின் டயர் போட்ட காரில் எங்கள் வீட்டுக்கு வந்து, அப்பா கேட்டபோது "டயர்னா டயர்தானே" என்று மாமா சொன்னாரே, அன்றிலிருந்து இருவரும் பேசுவதில்லை, கைகொடுப்பதில்லை. கல்யாணத்தன்றும் அந்தக் கார் மண்டபத்து வாசலில் நிற்கக் கூடாது என்று அப்பா ஆள் விட்டுச் சொன்னதால், மாமா பக்கத்துச் சலவைக்கடை முன்னால் நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்து கொத்துக்கறி ரொட்டி தின்றுகொண்டிருந்தார். பாதிரியார் ஜன்னல் வழியே கையை விட்டு மாமாவின் இடது கையைப் பிடித்தார். மாமா மரியாதைக்காக வலது கையால் கதவைத் திறந்து இறங்கினார். இடது கை இன்னும் ஜன்னலுக்குள் இருந்தது. கதவு ஒரு பக்கமும் மாமா ஒரு பக்கமும் போனார்கள். தோள்பட்டைக்கு அப்போதுதான் அப்படி ஆனது. பாதிரியார் விடவில்லை, கல்யாணம் நிலைக்க வேண்டுமே.

ஆக மிஞ்சியது இரண்டே வெறுங்கைகள். நடைபாதையில் அப்பாவின் வலது கை, எதிரில் மாமாவின் வலது கை. இடது கை ஏதாவது மிஞ்சியிருந்தால் எப்படியோ சமாளித்திருக்கலாம். அப்பா தன் கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். மாமா தன் கையைத் தொப்பிமேல் வைத்துக்கொண்டார். உள்ளே ஜூரிக் அதே பாட்டை மறுபடியும் ஆரம்பித்தார். நான் சங்கிலியின் அந்தக் கோடியில், மேடையோரம் மாட்டிக்கொண்டிருந்ததால் எதையும் பார்க்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் வாய் வாயாக என்னிடம் வந்து சேர்ந்தது, பிறகு அம்மாவிடமும் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன்.

"என் டயரைப் பத்திச் சொன்னதை முதல்ல அவரு வாபஸ் வாங்கட்டும்" என்று மாமா பாதிரியாரிடம் சொன்னார்.

"முதல்ல அந்த டயரைக் கழட்டட்டும், அப்புறம் பேசலாம்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார்.

அம்மா, உருண்டை ஆறிப்போகிறது என்றாள். பாதிரியார் பொறுமையைப் பற்றி ஏதோ சொன்னார். அப்போது அக்காவின் கோடியிலிருந்து ஒரு செய்தி கிளம்பி, ஆள் ஆளாகக் காதில் சொல்லிச் சமையலறை தாண்டி, பின்வாசல் தாண்டி அம்மாவிடம் வந்தது. அம்மா அதை அப்பாவின் காதில் சொல்லவில்லை, ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்: "பொண்ணுக்கு அவசரமா பாத்ரூம் போகணுமாம். ரொம்ப நேரமா அடக்கிட்டு நிக்கறாளாம்."

அப்பா பையிலிருந்து கையை எடுத்து நீட்டினார். "இது கைகுலுக்கல் இல்ல. கெமிஸ்ட்ரி."

"நான் மட்டும் ஆசைப்பட்டா நிக்கறேன்?" என்று மாமாவும் நீட்டினார்.

பாட்டு நின்றது. அக்கா வெள்ளை உடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியதை மண்டபமே பார்த்தது. எல்லோரும் கைகளை உதறிக்கொண்டு சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் இருவர் மட்டும் நடைபாதையில் கைகளைப் பிடித்தபடியே நின்றார்கள். முதலில் விடுகிறவன் தோற்றவன் ஆகிவிடுவானே! கொஞ்ச நேரம் கழித்து அப்பா, "தோள் வலிக்குதா மச்சான்?" என்றாராம். மாமா, "வலிக்குது" என்றாராம். அப்படியே உள்ளே வந்து ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள்.

இதுதான் நடந்தது, அத்தை. ஆகவே என் சோதனை வெற்றி என்றே எழுதி வைத்திருக்கிறேன். என் வேண்டுகோள் இதுதான். அப்பா என்னிடம் பேசுவதில்லை, கையெழுத்தும் போடவில்லை. ஆனால் மாமா சொன்னால் இப்போது கட்டாயம் கேட்பார், இருவரும் ஒரே மூலக்கூறு ஆகிவிட்டார்களே. வெள்ளிக்கிழமைக்குள் மாமா ஒரு முறை தொலைபேசியில் கூப்பிட்டு என் வகுப்பைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லும்படி நீங்கள்தான் அவரைத் தயார் செய்ய வேண்டும். இந்தச் சமாதானம் குலையாமல் பார்த்துக்கொள்வது நம் இருவர் பொறுப்பு.

உங்கள் கால் சீக்கிரம் தரையில் படவும், மாமாவின் கை சீக்கிரம் தோள் உயரத்துக்கு எழவும் பிரார்த்திக்கும்,

உங்கள் அன்பு மருமகள்,
மார்கிதா ஹோர்னாக்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் மாமாவே கூப்பிட்டுவிட்டார். நீங்கள் சொல்லாமலே! என் வகுப்பைப் பற்றித்தான் பேசினார். "அந்தப் பொண்ணை கெமிஸ்ட்ரி பக்கமே விடாதீங்க மச்சான், என் தோளைப் பாருங்க, தட்டச்சுக்கு அனுப்புங்க" என்றாராம். அப்பா ரிசீவரை வைத்துவிட்டு, "என் பொண்ணு என்ன படிக்கணும்னு சொல்ல அவன் யாரு? டயர்னா டயர்னு சொன்னவன்தானே" என்று கேட்டபடியே சம்மதத்தில் கையெழுத்துப் போட்டார். அழுத்திப் போட்டதில் தாள் கிழிந்துவிட்டது, செல்லும் என்று ஆசிரியர் தொலைபேசியில் சொல்லிவிட்டார். ஆகவே மேலே கேட்ட எதையும் செய்ய வேண்டாம். முக்கியமாக, ஆகஸ்ட் கடைசியில் வகுப்பு முடியும்வரை இருவரையும் சமாதானப்படுத்திவிடாதீர்கள். அடுத்த கோடையில் மேல்நிலை வகுப்பும் இருக்கிறதாம். வசந்த காலத்தில் மாமா அதையும் ஒரு முறை வேண்டாம் என்று சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.