முதலாளியின் புருவமும் என் பதவி உயர்வும்

ஒரு நிறுவனத்தின் முடிவுகள் எங்கே எடுக்கப்படுகின்றன என்று தெரிய வேண்டுமானால், அதன் அலுவலகத்துக்குப் போகக் கூடாது. எங்கள் கோழித் தீவன ஆலையில் அவை விடியற்காலையில், சேந்தமங்கலம் சாலையிலிருந்த ஷட்டில் கோர்ட்டில் எடுக்கப்பட்டன. யாரிடம் மக்காச்சோளம் வாங்குவது என்பதை முதலாளியும் மேலாளர்களும் வியர்வையைத் துடைத்தபடியே பேசி முடித்துவிடுவார்கள். கொள்முதல் மேலாளரான நான், மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்து, முடிந்த முடிவைக் கேட்டுக்கொள்வேன்.

(எதையும் தேதியோடு எழுதுவது என் வழக்கம். இந்தச் சம்பவத்துக்கு மட்டும் ஓர் ஐப்பசிச் செவ்வாய் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். முதலாளி நலமாக இருக்கிறார், பத்திரிகையும் படிக்கிறார்.)

அப்போது பெண்களை உயர்பதவிக்குக் கொண்டுவர நிறுவனம் ஒரு திட்டம் தொடங்கியிருந்தது. பொது மேலாளர் பதவி காலி. நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர்களில் நான் ஒருத்திதான் பெண். எங்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சென்னையிலிருந்து வந்திருந்த ஓர் அம்மையார் சொன்னார்: "முடிவெடுக்கிற இடத்துல நீங்க இருக்கணும். யாருதுன்னு இல்லாம நடுவுல ஒரு வேலை வந்தா, தயங்காம நீங்களே எடுத்துக்குங்க."

அறிவுரையை அப்படியே விழுங்குகிறவள் நான். மறுநாளே மட்டை வாங்கினேன். நூலகத்திலிருந்து இறகுப்பந்து பற்றிய புத்தகம் ஒன்றும் எடுத்துவந்தேன். (ஆட்டத்தின் வரலாறு முழுவதும் படித்தாயிற்று. மட்டையைப் பிடிக்கும் அத்தியாயத்துக்கு வந்து சேரவில்லை.)

கோர்ட்டில் என்னைப் பார்த்ததும் உற்பத்தி மேலாளர் சண்முகம் பதறினார். "ஏனுங்க மேடம், இந்நேரத்துல? ஊட்ல ஒண்ணும் பிரச்சனை இல்லீங்களே?"

"ஆட வந்தனுங்க."

முதலாளி பெருந்தன்மையோடு என்னைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். அந்தக் கோர்ட்டில் ஒரு வழக்கம் உண்டு. முதலாளியோடு சேர்ந்து ஆடுகிறவர், நடுவில் வரும் பந்தைத் தொடவே கூடாது, அது முதலாளிக்கு. எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பந்து நடுவில் வந்தது. நான் தயங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வீசினேன். 'டொக்' என்று நல்ல கனமான சத்தம். கண்ணைத் திறந்தால் பந்து தரையில் கிடந்தது. பக்கத்தில் முதலாளியும் கிடந்தார்.

"அய்யோ, மொதலாளியவே சாச்சுப்போட்டீங்களே!" என்றார் சண்முகம்.

முதலாளி புருவத்தைப் பொத்திக்கொண்டு நிதானமாகக் கேட்டார்: "பாயிண்ட்டு யாருக்கு?"

தையல் போட்ட மருத்துவமனைக்கு அவர் மனைவி வந்தார். பதவி போயிற்று, வேலையும் போயிற்று என்று நான் சுவரோடு ஒட்டி நின்றேன். அவர் நேராகக் கணவரிடம் போனார். "இனிமே மட்டையத் தொட்டீங்கன்னா ஊட்டுப் பக்கம் வராதீங்க. வேலப் பேச்செல்லாம் ஆபீஸ்ல உக்காந்து பேசுங்க." பிறகு என் கையைப் பிடித்து, "நீ பயப்படாத சாமி. நானும் ரொம்ப நாளா சொல்லிப் பாத்துட்டேன்" என்றார்.

பதவி அந்த முறை சண்முகத்துக்குத்தான் போனது. ஆனால் அந்த வாரத்திலிருந்து ஆலோசனைக் கூட்டம் காலை பத்து மணிக்கு, அலுவலகத்தில். மக்காச்சோளம் பற்றி முடிவாகும்முன் எனக்கும் வாயைத் திறக்க வாய்ப்புக் கிடைத்தது. ஆய்வகத்து நசீமா, கணக்குப் பிரிவுச் செல்வி எல்லோரும் பேசினார்கள்; மெல்ல மெல்ல மேலாளர்களும் ஆனார்கள். சண்முகம் ஓய்வுபெற்றபோது அவருடைய நாற்காலி எனக்கு வந்தது.

நிறுவனத்தின் மலரில் இதெல்லாம் அந்தத் திட்டத்தின் வெற்றி என்று அச்சாகியிருக்கிறது. என் கணவர் அதை ஒப்புக்கொள்வதில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் காபியோடு சேர்த்து இதையும் பரிமாறுவார்:

"கம்பெனி ஆள் வெச்சு, வகுப்பெடுத்து, என்னென்னமோ பண்ணிப் பாத்துச்சுங்க. இவங்க ஒரே அடியில முடிச்சுட்டு வந்துட்டாங்க."