பக்கத்தில் ஓர் ஆள்

ஒருவனைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு நாக்கு ஒன்று இருந்தால் போதும், வேறு தகுதி தேவையில்லை. என்னை அப்படித் திட்டுவதில் நானே முதல் ஆள். முப்பத்து நாலு வயதில்தான் அது சோம்பல் இல்லை, கவனத்தை ஓரிடத்தில் நிற்க விடாத ஏடிஎச்டி என்று தெரிந்தது. (அதற்குள் நான் தின்ற வல்லாரைக்கு ஓர் எருமை ஐ.ஏ.எஸ். ஆகியிருக்கும்.)

தர்மபுரியில் நான் பார்த்த மனநல ஆலோசகர் அம்மா தாமதமாகப் போனாலும் முறைக்கவில்லை. அறைக்குள் நடந்துகொண்டே பேசவும் விட்டார். நான் வீட்டுப் பிளான் போடுகிற இன்ஜினியர். கடத்தூரில் அக்கா கட்டப்போகும் மாடி வீட்டுக்கு இரண்டு நாளில் பூமி பூஜை. பிளானில் ஒரு கோடுகூட விழவில்லை. அழாத குறையாகச் சொன்னேன்.

"உங்க மேல தப்பில்லைங்க. வேலை செய்யறப்ப பக்கத்துல யாராச்சும் பேசாம உட்காந்திருக்கட்டும், போதும்," என்றார்.

பேசாமல் உட்கார, மேதாவி நான் யாரைக் கூப்பிட்டேன் தெரியுமா? பெரியப்பாவை! மறுநாள் காலையில் வந்தவர் செல்போனை எடுத்து, "பையன் பக்கத்துல ஆள் இருந்துட்டே இருக்கணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க" என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிவிட்டார்.

மதியத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. மொரப்பூர் அத்தை சாத்துக்குடியைக் கையில் கொடுத்துவிட்டு, "நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்தான்!" என்று ஒப்பாரி வைத்தார். பிளானை விட்டுவிட்டு எல்லோருக்கும் டீ போட்டேன். (நோயாளி எப்படி டீ போடுகிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை. "கடைசியில இப்படித்தான் தெம்பு வரும்" என்றார் பெரியப்பா.)

அக்கா வீட்டுக்காரர், என் மாமா, கண்கலங்க ஓடி வந்தார். கம்ப்யூட்டர் திரை வெறுமையாக இருந்ததைப் பார்த்ததும் கண்ணீர் வற்றிவிட்டது.

"மாப்ள, உன் சீக்கு என்னான்னு இப்பதான்டா புரியுது."

எல்லோரையும் வெளியே அனுப்பினார். நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை, மூச்சு மட்டும் விட்டார். இரண்டு மாதமாக வராத கோடுகள் ஓடி வந்தன. பொழுது சாய்வதற்குள் பிளான் முடிந்தது. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் பூஜையில் பிளானை விரித்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊருக்கே காட்டினேன். அக்கா குனிந்து பார்த்தாள்.

"ஏன்டா, மாடிக்குப் படி எங்க?"

உள்ளே எங்கே படி வைத்தாலும் சாமி அறை கழிவறைக்குள் போய் நின்றது. கடைசியில் வீட்டுக்கு வெளியே இரும்புப் படி வைத்தோம். இன்றைக்கும் மழை பெய்தால் மாமா குடையோடு அதில் ஏறி, பாதியில் நின்று எனக்குப் போன் போடுவார்.

"ஒண்ணுமில்ல மாப்ள. குடை இருந்தும் நனைஞ்சிட்டு இருக்கேன், அதான் சொல்லலாம்னு."