ஜூரி அங்கிளின் சந்தேகம்

மனைவி "சோறு வெந்திட்டுது" என்றாலும் சாட்சி கேட்கிற மனிசர் மெல்பேர்ண் முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான். அவர்தான் எங்கள் ஜூரி அங்கிள்.

ஒரு கம்பெனி ஆற்றில் கழிவு விட்ட வழக்குக்கு அவரை நீதிமன்றம் ஜூரியாக, குற்றமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்கிற பொதுமக்களில் ஒருவராக, கூப்பிட்டிருந்தது. உள்ளே என்ன கதைத்தீர்கள் என்று யார் கேட்டாலும், "சொன்னால் குற்றம்" என்பார். மனைவிக்கே சொல்லவில்லை. ஆனால் அங்கே பிடித்த பழக்கம் எங்கள் தலையில் விடிந்தது. விருந்தில் யாராவது "பாயசம் திறம்" என்றால், "குடிச்சனீங்களோ, கேள்விப்பட்டனீங்களோ?" என்பார்.

ஒரு குளிர்காலம், எங்கள் மாதா கோயில் மண்டபத்துக்குப் பின்னால் ஓடுகிற ஓடையில் கறுப்பு எண்ணெய் மிதந்தது. வாத்துகள் செட்டை ஒட்டிச் செத்துக் கிடந்தன. முதல் நாள் மண்டபக் குசினியில் வடை சுட்டவள் நான். குசினிக் கதவின் திறப்பை என்னிடமிருந்து வாங்கிவிடக் கோயில் கமிட்டி கூடியது. ஜூரி அங்கிளும் அதில் ஒருவர். அந்தச் சமையல்தான் என் பிழைப்பு. எனக்கோ சபையில் வாய் திறக்க வராது.

தலைவர் என்னைக் காட்டி, "அன்ரியை விட்டால் வேற ஆர் எண்ணெய் வைச்சிருந்தது?" என்றார்.

"ஊத்தினதைக் கண்டனீங்களோ?" என்றார் ஜூரி அங்கிள்.

"காணேல்ல, ஆனா..."

"ஆனாவை விடுங்கோ. எண்ணெயைக் காட்டுங்கோ."

"ஓடை இந்தா பின்னுக்குத்தானே! வந்து பாருங்கோவன்."

"ஜூரி தானாப் போய்ப் பாக்கக்கூடாது. இஞ்ச கொண்டு வாங்கோ."

தலைவர் புறுபுறுத்துக்கொண்டு, புதுச் சப்பாத்தோடு சேற்றில் இறங்கி, ஜாம் போத்தலில் அள்ளி வந்தார். வடை சுட்டு மிஞ்சிய என் தேங்காய் எண்ணெய்த் தகரத்தையும் மேசையில் வைத்தார்கள். அங்கிள் போத்தலைச் சரித்தார், கறுப்பு ஓடியது. தகரத்தைக் கவிழ்த்தே பிடித்தார். ஒரு துளி விழவில்லை. அந்தக் குளிருக்கு என் எண்ணெய் மெழுகாய் உறைந்திருந்தது.

"அப்ப அவ செய்யேல்லையோ?" என்றார் தலைவர்.

"அப்பிடி நான் சொல்லேல்ல. எனக்குச் சந்தேகம் இருக்கு. சந்தேகத்தோட ஒருத்தரைக் குற்றவாளி எண்டேலாது."

எல்லோரும் அவர் பக்கம் கை உயர்த்தினார்கள். திறப்பு என்னிடமே இருந்தது. ஆனாலும் மனம் நொந்தது. 'நல்ல மனிசி' என்று ஒரு சொல் சொன்னால் குறைந்தா போய்விடுவார்?

வெளியே, கார் நிற்கிற இடத்தில், கேட்டேவிட்டேன். "அண்ணை, நீங்களும் என்னை நம்பேல்லையோ?"

"தங்கச்சி, நீர் செய்யமாட்டீர் எண்டு எனக்கு முதலே தெரியும்."

"பிறகேன் உள்ளுக்குச் சொல்லேல்ல?"

"எனக்குத் தெரிஞ்சது சாட்சியில்லையே. உம்மைத் தெரியாத ஒருத்தன் என்ர கதிரையில இருந்திருந்தாலும் உமக்கு நியாயம் கிடைச்சிருக்கவேணும்."

சொல்லிவிட்டுக் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு நடந்தார்.

இப்போது அவர் இல்லை. யாரைப் பற்றியாவது ஒரு கதை காதில் விழுந்தால், நான் எதையும் சொல்லமுன் அவருக்காக, "கண்டனீங்களோ, கேள்விப்பட்டனீங்களோ?" என்று கேட்கிறேன்.