இடப்பக்கத்தில் ஒரு புள்ளி

மூன்றாம் தடவை எண்ணியும் பெர்லாவின் இடப்பக்கத்தில் முப்பத்தாறு புள்ளிகள்தான் இருந்தன. குதிரைக்கென்று கொடுக்கிற அடையாள பாஸ்போர்ட்டில் வரைந்திருந்த படத்தில் முப்பத்தேழு.

அஸ்கர் நாலாம் தடவை எண்ண ஆரம்பித்தான். ரொட்டிக் கடை வண்டி ஓட்டுகிற மனுஷன் அவன். குதிரை அவன் மனைவி போடிலுடையது. அவளோ ஏணியிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டோடு கிடந்தாள். நாளைக்கு ஹோல்பெக் ஊரில் க்னாப்ஸ்ட்ரப் குதிரைகளுக்கு இனத்தேர்வு. வெள்ளை உடம்பில் கரும்புள்ளி போட்ட அந்த ஜாதியில் தேறியவற்றைப் பட்டியலில் சேர்ப்பார்கள். நாலு வருஷமாக அவள் காத்திருந்த நாள்.

"படத்துல இருக்கற ஒவ்வொரு புள்ளியும் ஒத்துப்போகணும்ங்க," என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள் போடில். "இல்லேன்னா வேற குதிரைன்னு வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க."

தோளுக்குப் பின்னால் இருக்க வேண்டிய புள்ளியைத்தான் காணோம். காலையில் குளிப்பாட்டும்போது தரை கழுவுகிற சோப்பைப் போட்டுத் தேய்த்தது யார்? அவனேதான். தேய்த்தே தொலைத்துவிட்டோம் என்று முடிவு கட்டினான். இதைப் போடிலிடம் சொல்வதற்கு அவனும் அந்த ஏணியிலிருந்து விழலாம்.

முதலில் கறுப்பு ஷூ பாலிஷை வைத்தான். அச்சு அசலாகத்தான் இருந்தது. பெர்லா சுவரில் ஓர் உரசு உரசியதும் புள்ளி முழ நீளத்துக்கு இழுபட்டது. ஈரத்துணியால் துடைத்தான், அந்த இடமே சாம்பலாகிவிட்டது. சாம்பலை மறைக்க ரொட்டி மாவைத் தூவினான். ஈரத்தில் மாவு களியானது. பெர்லா கழுத்தை வளைத்து அதை நக்கி ருசி பார்த்தது. மறுபடியும் முழுக் குளியல்.

பாவம், அழுகை வராத குறையாகப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். மற்றதெல்லாம் கறுப்பு மையில் இருக்க, அந்த ஒரு புள்ளி மட்டும் பழுப்பு! அடடா, இதையல்லவா முதலில் கவனித்திருக்க வேண்டும்? போடிலின் தலைச்சாயமும் அதே பழுப்பு. ஆறு வாரத்துக்குப் போகாது என்று டப்பாவிலேயே போட்டிருந்தது.

மறுநாள், சாயம் பூசிய குதிரைக்குத் தேர்வில் இடமில்லை என்ற பலகையை அஸ்கர் படிக்காதவன்போலத் தாண்டிப் போனான். வேலி ஓரமாக ஊன்றுகோலோடு நின்ற போடில் பெருமையாகக் கையசைத்தாள். பெர்லா குட்டியாக இருந்தபோது வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை வரைந்த கால்நடை டாக்டர் தோராதான் சரிபார்க்கவும் வந்திருந்தார். தோள்பக்கம் வந்ததும் நின்றார். நகத்தால் சுரண்டினார்.

"இது ஏது?"

"பிறவியிலயே இருக்கறது டாக்டர். நீங்க வரைஞ்சதுதானே?" படத்தை நீட்டினான்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நான் வரைஞ்சது முப்பத்தாறுதான், அஸ்கர். படத்துல இருக்கற இந்தப் பழுப்பு, வரைஞ்சிட்டிருக்கும்போது நீங்க ஓடிவந்து காபி குடுத்தீங்களே, அப்போ உங்க கைலேர்ந்து சிந்தின சொட்டு."